வில்லுகளில் மீன்குஞ்சு விடுதல் மாத்திரம் போதுமா?

மகாவலி கங்கை மன்னம்பிட்டிக்கு அப்பால் தாழ்ந்த சமவெளியிற் பாயுங்கால், மாரி வெள்ளம் கரை கடந்து பள்ளமான புல்நிலங்களை நிரப்புகின்றது. இவையே வில்லுகள் எனப்படும். மாரியில் மீனுக்கு வீடாகவும், கோடையில் மாட்டுக்கு மேய்ச்சல் நிலமாகவும் இவை பயன்படுகின்றன. இவற்றுள் ஒரு பகுதி 1984ஆம் ஆண்டு முதல் வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

வில்லின் நீர் ஆழங்குறைந்தது, வெதுவெதுப்பானது, நுண்ணுயிர்கள் மிகுந்தது. ஆற்றின் வேகத்தைத் தாங்கமாட்டாத சிறு குஞ்சுகள் இங்கே புல்லிடையே ஒதுங்கி வளர்கின்றன. கோடையில் நீர் வற்றிப் பிராணவாயு குறைந்தாலும், விராலும் பனையேறியும் நீரின் மேல்வந்து காற்றைச் சுவாசித்து உயிர் பிழைக்கும். ஆகவே வில்லு என்பது ஆற்று மீனின் நாற்றுமேடை எனலாம்.

1976இல் பொல்கொல்லையில் ஆறு திருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா அணையும், 1986இல் ரந்தெனிகலை அணையும் முடிவுற்றன. இவற்றால் நாட்டுக்கு நெல்லும் மின்சாரமும் பெருகின. ஆயினும் வில்லுகளை நிரப்பும் வெள்ளம் முன்போல் இல்லை. இந்நிலையில், சுதேச மீன்களைப் பொரிப்பகங்களில் வளர்த்து வில்லுகளில் விடுதல் தக்க பரிகாரம் என்று கூறப்படுகின்றது. இது நல்ல யோசனையே. ஆனால் குஞ்சு விடுவதோடு வேலை முடிந்தது என எண்ணுவது, வரம்பு கட்டாத வயலில் விதைப்பதை ஒக்கும்.

இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் சான்றாகும். அங்கே கிரீன் ஆற்றில் ரேசர்பாக் சக்கர் என்னும் சுதேச மீன் அருகியமையால், பொரிப்பகக் குஞ்சுகள் பல்லாண்டுகளாக ஆற்றில் விடப்பட்டன. அவை வளர்ந்து முட்டையும் இட்டன. எனினும் பொரித்த குஞ்சுகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை; வெள்ளநிலங்களுக்குட் புகும் வழி அவற்றுக்குக் கிடைக்காமையே அதற்கு முக்கிய காரணமாகும். 2012ஆம் ஆண்டு முதல், ஆற்றிற் குஞ்சுகள் தோன்றும் காலமறிந்து பிளேமிங் கோர்ஜ் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. யூட்டா மாநிலத்து ஸ்ருவார்ட் ஏரியின் வாயிலில் வலைத்தடுப்பு இடப்பட்டு, குஞ்சுகள் உட்செல்லவும் அவற்றைத் தின்னும் பெருமீன்கள் வெளியே நிற்கவும் வழி செய்யப்பட்டது. அதன்பின்னரே குஞ்சுகள் வளர்ந்து மீண்டும் ஆற்றை அடைந்தன. நீரும் வழியும் காலமும் ஒன்றுசேராவிடின் பொரிப்பகத்தின் உழைப்பு வீணாகும் என்பதே இதிலிருந்து அறியத்தக்கது.

எந்த மீனை விடுவது என்பதும் ஆராயத்தக்கது. கட்லா, ரோகு, மிருகால் ஆகியன குளங்களுக்கு ஏற்றவையே. ஆனால் அவை குளத்து நீரில் இனம்பெருக்குவதில்லை. மீண்டும் மீண்டும் புதுக்குஞ்சு வாங்கி விடுதல் வேண்டும். 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவோ தானாகப் பெருகி எங்கும் பரவிவிட்டது. விராலும் பனையேறியும் வில்லின் இயல்புக்கு இசைந்தவை. இடம் நன்றாயிருப்பின் தாமே பெருகுபவை. ஆதலின் வில்லுகளுக்குச் சுதேச மீன்களே உரியன. அவற்றின் தாய்மீன்களும் அதே ஆற்றிலிருந்து பெறப்படுதல் வேண்டும்.

இம்முயற்சியின் வெற்றி பெரிதும் அயல் வயற் கமக்காரரின் கையில் உள்ளது. வில்லை ஆற்றோடு இணைக்கும் ஓடையை வரம்பிட்டு அடைத்தலாகாது. பீடைகொல்லியும் களைகொல்லியும் தெளித்த வயலின் நீரை உடனே வில்லுக்குள் வடியவிடுதலும், தெளிகருவியை வாய்க்காலிற் கழுவுதலும் குஞ்சுகளுக்கு நஞ்சாகும். மரக்கறித் தோட்டத்துக்கு நீர் இறைப்போர், கோடையில் ஆழமான மடுவை வற்றவிடாது விட்டுவைத்தல் வேண்டும். அடுத்த மாரிக்குரிய தாய்மீன்கள் அங்கேதான் தங்கியிருக்கும். குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் விராலைப் பிடித்தால் ஒரு மீன் கறிக்குக் கிடைக்கும். குஞ்சுகளோ காவலின்றி இரையாகிவிடும். கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அந்நிய மீன்களை வில்லில் விடுதலும் கூடாது.

குஞ்சு விடும் நாளில், அவை அடங்கிய பையைச் சிறிது நேரம் நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானபின் மெதுவாகத் திறத்தல் நன்று. காலையோ மாலையோ அதற்கு உகந்த வேளை. தேசியப் பூங்காவின் எல்லைக்குள் உரிய திணைக்களத்தின் அனுமதியின்றி எதுவும் செய்தலாகாது.

குஞ்சுகளை அரசாங்கம் வழங்கலாம். நஞ்சில்லாத நீரையும் அடைபடாத ஓடையையும் அயலிலுள்ள கமக்காரரே வழங்கமுடியும். இவ்விரண்டையும் உறுதிசெய்யும் கமக்காரர் அமைப்புகளின் வில்லுகளுக்கே முதலிற் குஞ்சுகளை அளித்தல் நீதியாகும். பயனும் அதுவே தரும்.