ஏடும் பொதியும்

எழுதிய ஏடு பெட்டியிற் கிடப்பின் செல்லரித்துப் போம். அச்சேறிப் பலர் கையிற் பரவின் நிலைபெறும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை இதனைச் செய்து காட்டினார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் அவர் பதிப்பித்தமையாலன்றோ அவை ஏடில்லார் கைக்கும் எட்டின.

இன்று நம் மாணவர் உயர்தர வகுப்பிற் பைதன் என்னும் கணினி மொழியைப் பயில்கின்றனர். அவர் இயற்றும் செய்நிரல்களும் ஏடுகளே. எழுதிய கணினியிலேயே கிடந்து அதனோடு மறைகின்றன. செய்நிரல் எழுதக் கற்பிப்பதோடு அமையாது, அதனைப் பொதியாக்கி வெளியிடவும் கற்பித்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்பார்க்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பதைச் சிறு வகுப்பு மாணவனும் அறிவான். பைதனோ ஐந்து என்னும்; தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஒவ்வொன்றையும் தனித்தனி எண்ணுதலின். இக்குறை நீக்கும் செய்நிரலை முத்தையா அண்ணாமலை முதலிய அன்பர்கள் 'ஓப்பன் தமிழ்' என்னும் பொதியாக்கிப் 'பைபிஐ' என்னும் பொதுக் களஞ்சியத்தில் வைத்துள்ளனர். 'பிப்' என்னும் கருவிக்கு ஒருவரி ஆணையிட்டால், அது பொதியைக் கொணர்ந்து, அதற்கு வேண்டிய பிற பொதிகளையும் தேடிச் சேர்த்து நிறுவும். அதன் துணையாற் கணினியும் மூன்றென எண்ணும்.

பொதி செய்தல் பதிப்புத் தொழிலே. பெயர், பதிப்பெண், ஆக்கியோர், உரிமம், சார்ந்திருக்கும் பிற பொதிகள் ஆகியவற்றை ஒரு கோப்பிற் பொறித்தல் வேண்டும். அது நூலின் முகப்பேடு போன்றது. ஒருமுறை வெளியிட்ட கோப்பை அதே பெயரில் மாற்றிவைக்கக் களஞ்சியம் இடந்தராது. பிழை திருத்தின் புதிய பதிப்பெண் இடல் வேண்டும்.

இடர் இல்லையோ எனின், உண்டு. 2016 இல் ஒருவர் தமது பதினொரு வரிச் செய்நிரலை ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குரிய 'என்பிஎம்' களஞ்சியத்தினின்றும் நீக்கவே, அதனைச் சார்ந்த ஆயிரக்கணக்கான ஆக்கங்கள் தடைப்பட்டு நின்றன. பெயர்பெற்ற பொதியின் பெயரைச் சிறிது திரித்து நச்சுப் பொதி வைப்பாரும் உளர். ஆதலின் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். இடைச்செருகலுக்கு அஞ்சி நம் முன்னோர் பதிப்பை நிறுத்தினாரல்லர்.

இணையம் எட்டாத பாடசாலை என் செய்யும் எனின், வேண்டிய பொதிகளைப் பிறிதோரிடத்தில் இறக்கிப் பென்டிரைவிற் கொணர்ந்து, இணையமின்றியே நிறுவலாம். அதற்கும் பிப்பில் வழியுண்டு.

2009 வரை நிகழ்ந்த இடப்பெயர்வுகளில் வன்னி மக்கள் வீட்டோடு நூலையும் இழந்தனர். ஓரிடத்தில் மட்டும் வைத்த பொருள் அவ்விடத்தோடே அழியும் என்பதை நமக்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. கணினித் துறையிலுள்ள பழைய மாணவர் ஆண்டுக்கு ஒருநாளேனும் வந்து இத்தொழிலை இளையோர்க்குக் காட்டுவாராக. அடுத்த விழா மலர் வெளிவருமுன் நம் மாணவர் இயற்றிய பொதி ஒன்றேனும் களஞ்சியம் ஏறுமாயின், அதுவே கல்லூரித் தாய்க்கு நாம் அளிக்கும் சிறந்த காணிக்கையாகும்.