பெட்டியோடு இலவசம்

போன மே மாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும். மும்பை தாராவியின் 90 அடி சாலையில் உள்ள என் ரிப்பேர் கடைக்குள் ஒரு பையன் கம்ப்யூட்டர் கேபினட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நுழைந்தான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக மின்னும் நான்கு ஃபேன்.

“அண்ணாச்சி, பாட்டு கேட்டா ஒண்ணும் ஆவல, படம் பாத்தாலும் ஒண்ணும் ஆவல. கேம் ஓப்பன் பண்ணி ரெண்டு நிமிஷத்துல பொசுக்குன்னு ஆஃப் ஆயிருது. நேத்து கருகுன வாடை வேற அடிச்சுது.”

இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். வாடை என்றதுமே வேறு எதையும் பார்க்காமல் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கார்டில் செருகியிருந்த எட்டு முனை பிளக் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையிலிருந்து நேராக வரவில்லை. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற மோலெக்ஸ் பிளக்கில் ஒரு கன்வர்ட்டரை மாட்டி, அதிலிருந்து இழுத்திருந்தார்கள். மோலெக்ஸின் வெள்ளை பிளாஸ்டிக், மஞ்சள் வயர் நுழையும் மூலையில் பழுப்பாகி, உருகி, இரண்டு பாதியும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. நோஸ் பிளையரால் இழுத்தேன். பின் மட்டும் தனியாகக் கையோடு வந்தது. மஞ்சள் வயர்தான் 12 வோல்ட்.

பையனின் அப்பா தோல் பை தைக்கிறவர். வீட்டில் சேர்த்தது, பையன் பகுதிநேரமாகப் பார்சல் டெலிவரி செய்து சேர்த்தது எல்லாம் போட்டு 62,000 ரூபாய்க்கு வாங்கிய பெட்டி அது. பில்லை வாங்கிப் பார்த்தேன். பிராசசர் ஒரு வரி, போர்டு ஒரு வரி, ராம் ஒரு வரி, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 ஒரு வரி. கடைசியில் ‘கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்று ஒரே வரி. கம்பெனி பெயர் இல்லை, மாடல் இல்லை. “450 வாட்டுன்னு சொன்னாங்க, போதும்னாங்க” என்றான்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைத் திருப்பிக் காட்டினேன். பெரிய எழுத்தில் 450. அதற்குக் கீழே, கொசு முட்டை அளவு எழுத்தில் ஒரு கட்டம். 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். அவன் கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். மீதி 22 வாட்டில் பிராசசர் என்ன சாப்பிடும்?

அப்படியானால் 450 என்பது பொய்யா என்று கேட்டான். காகிதத்தில் பொய் இல்லை என்பதுதான் இதில் விசேஷம். பென்டியம் 3 காலத்தில் கம்ப்யூட்டர் பெரும்பாலும் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் ஓடியது. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது பிராசசருக்கென்று நான்கு முனை 12 வோல்ட் பிளக் தனியாக வந்தது. அன்றிலிருந்து கம்ப்யூட்டரின் பசி 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அதிலிருந்துதான் எடுக்கின்றன. மலிவு எஸ்எம்பிஎஸ் செய்கிறவர்கள் மட்டும் அந்தப் பழைய சர்க்கியூட்டையே இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் கேட்காத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் ஆம்பியரைக் கொட்டி, எல்லாவற்றையும் கூட்டி 450 என்று அச்சடிக்கிறார்கள். ஒழுங்கான 450 வாட் சரக்கில் 12 வோல்ட்டுக்கு நேராக 36 ஆம்பியர் வாக்கில் இருக்கும்.

ஆகவே பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் கட்ட நினைக்கிறவர்களுக்கு, அவர்களைவிட அவர்களின் அப்பா அம்மாவுக்கு, நான் சொல்வது இது. பெட்டியில் பெரிதாக எழுதிய வாட்டைப் பார்க்காதீர்கள். 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வருவதைக் கையால் தொடாதீர்கள்.

இந்தப் பெட்டி வந்த, மும்பையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லாமிங்டன் ரோடு வியாபாரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டுங்கா ரோடில் ஸ்லோ வண்டி ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினால் ஐந்து நிமிஷ நடை. சாலைக்கு டாக்டர் தாதாசாகேப் படகம்கர் மார்க் என்று பெயர் மாறிப் பல காலம் ஆகிறது, கேட்டால் யாருக்கும் தெரியாது. அங்கே நல்ல வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள். எனக்குச் சரக்கு கடன் கொடுத்து வாழ வைத்தவர்களே அவர்கள்தான். ஆனால் முதல்முறை போகிற பையனிடம் பேச்சு எப்படிப் போகும் என்று தெரியும். பிராசசரில் விலை குறைக்க முடியாது, கார்டிலும் முடியாது, ஏனென்றால் அவன் மாடல் பெயரோடு விலையையும் போனில் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அவன் பார்க்காத ஒரே பொருள் எஸ்எம்பிஎஸ். கடைக்காரரின் லாபம் அங்கேதான் ஒளிந்துகொள்கிறது. கடைசியில் ‘பக்கா பில் வேணுமா, கச்சா போதுமா’ என்று ஒரு கேள்வி வரும். கச்சா என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம். அந்த மிச்சத்தோடு வாரண்டியும் போய்விடும் என்பதை யாரும் சொல்வதில்லை.

இந்தப் பையனின் கடை எது என்று கேட்காதீர்கள். பெயர் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே தெருவில் இன்னொரு கடையிலும் அன்று அதே பெட்டிதான் விற்றிருக்கும்.

சரி, எதைத்தான் நம்புவது? 80 ப்ளஸ் ஸ்டிக்கரை நம்பலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டம் அது. சுவரிலிருந்து எடுக்கிற கரண்டில் எவ்வளவை வீணாக்காமல் உள்ளே கொடுக்கிறது என்றுதான் முக்கியமாக அளக்கிறது. ஷார்ட் ஆனால் உடனே நின்றுவிடுமா, அளவுக்கு மீறி இழுத்தால் தன்னைத்தானே காத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது. சோதனையும் 23 டிகிரியை ஒட்டிய அறையில் நடக்கிறது. தாராவியில் தகரக் கூரைக்கு அடியில், ‘மாளா’ என்று நாங்கள் சொல்லும் மேல்தட்டில், மே மாதம் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும். நல்ல கம்பெனிகள் 40 அல்லது 50 டிகிரியிலும் முழு வாட் தருவோம் என்று எழுதிக் கொடுக்கின்றன. மலிவுச் சரக்கில் அந்த வரியே இருக்காது.

கம்பெனிப் பெயரும் 80 ப்ளஸ்ஸின் தங்கத் தர ஸ்டிக்கரும் மட்டும் போதாது என்பதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. கிகாபைட் கம்பெனியின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு மாடல்களும் 80 ப்ளஸ் கோல்டு வாங்கியவை. அவை சோதனை மேஜையில் வெடிப்பதை அமெரிக்காவின் கேமர்ஸ் நெக்ஸஸ் சேனல் வீடியோவாகவே காட்டியது. 2021 ஆகஸ்டில் கம்பெனி அறிக்கை விட்டு, மிகைச்சுமைக் காப்பு வேலை செய்யும் எல்லையைக் குறைத்ததாகச் சொல்லி, குறிப்பிட்ட சீரியல் எண்களை மாற்றித் தர முன்வந்தது. அதனால் நான் கம்பெனியைப் பார்ப்பதில்லை, மாடலைப் பார்க்கிறேன். அந்த மாடலை யாராவது பிரித்து, முழுச் சுமை ஏற்றிப் பார்த்து எழுதியிருக்கிறார்களா என்று தேடுகிறேன். யாரும் எழுதவில்லை என்றால் வாங்குவதில்லை.

நம் நாட்டில் பிஐஎஸ் பதிவும் வேண்டும். ஸ்டிக்கரில் ஆர் எழுத்தில் தொடங்கும் எண் ஒன்று இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வந்துவிடும். அது பாதுகாப்புக்கான பதிவு, 450 வாட் தரும் என்பதற்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த எண்ணே இல்லாத சரக்கை எதற்கு வீட்டுக்குள் விட வேண்டும்?

இன்னும் ஒன்று. பின்பக்கம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய சர்க்கியூட். தூசி தட்டும்போது விரல் பட்டு 115-க்குப் போய், ஆன் செய்ததும் டமால் என்று போன பெட்டிகளை எண்ணி முடியாது.

மும்பையில் எஸ்எம்பிஎஸ் தொல்லைக்கு எஸ்எம்பிஎஸ் மட்டும் காரணம் இல்லை. ‘புது எஸ்எம்பிஎஸ் மாட்டினதுல இருந்து கேபினட்டைத் தொட்டா சுர்ருங்கு’ என்று செம்பூரிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். நான் இருப்பதும் செம்பூர்தான், சேடா நகர் முருகன் கோயில் பக்கம். போய் டெஸ்டரை வைத்தால் கேபினட் தகரத்திலேயே விளக்கு எரிகிறது. ஒழுங்காகச் செய்த எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் ஃபில்டர் கெபாசிட்டர்கள் இருக்கும், அவை கசியும் துளிக் கரண்டு எர்த் வயர் வழியாக இறங்க வேண்டும். அந்த வீட்டுச் சுவரில் மூன்று ஓட்டை பிளக் இருந்தது, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. எர்த் இல்லாவிட்டால் 230-இல் பாதி, அதாவது 115 வோல்ட் வாக்கில் தகரத்தில் வந்து நிற்கும். சாகடிக்காது, ஆனால் விடவும் கூடாது. தாராவியில் பாதி ரூம்களில் இந்தக் கதைதான். நாலாயிரம் ரூபாய்க்கு எஸ்எம்பிஎஸ் வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள்.

மழையும் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய நாளில் எங்கள் ரூமில் இடுப்பளவு தண்ணீர். அன்றைய கேபினட்டில் எஸ்எம்பிஎஸ் மேலே இருக்கும். இப்போதைய கேமிங் கேபினட்டில் அழகுக்காகவும் காற்றுக்காகவும் அதை அடியில் வைக்கிறார்கள். கீழ்த்தளத்து ரூமில் தரையில் வைத்தால், கணுக்கால் அளவு தண்ணீர் வந்தாலே முதலில் குளிப்பது அதுதான். கேபினட் டிசைன் செய்தவர் 90 அடி சாலைக்கு வந்ததில்லை. சுவரில் ஆங்கிள் அடித்து, பலகை போட்டு ஏற்றி வையுங்கள்.

கரண்ட் போவது மும்பையில் அபூர்வம் என்று நமக்கு ஒரு பெருமை உண்டு. 2020 அக்டோபர் 12 காலை பத்து மணி வாக்கில் நகரமே அணைந்து, லோக்கல் வண்டிகள் வழியிலேயே நின்றன. போனபோது அல்ல, திரும்பி வந்தபோதுதான் சேதம். அடுத்த இரண்டு நாள் என் மேஜையில் இடமில்லை, எல்லாம் இலவச எஸ்எம்பிஎஸ்கள். அன்றிலிருந்து என் வீட்டில் வழக்கம் ஒன்றுதான். கரண்ட் போனதும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவோம், வந்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான் போடுவோம்.

பயமுறுத்துகிறேன் என்று நினைத்து, மறுகோடிக்கும் ஓடிவிட வேண்டாம். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு வீட்டில், ரிட்டயர்டு பேங்க் அதிகாரி ஒருவர் பேரனுக்காக 1000 வாட் கோல்டு வாங்கி வைத்திருந்தார். ‘எதிர்காலத்துக்கு உதவும்’ என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் இருந்ததோ ஐ5 12400எஃப், ஆர்டிஎக்ஸ் 4060. பிராசசர் முழு வேகத்தில் 117 வாட், கார்டு 115 வாட், போர்டு ஃபேன் எல்லாம் சேர்த்து 50 என்று வைத்தாலும் 300-ஐத் தாண்டாது. அந்தக் கார்டுக்கு என்விடியாவே சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். மிச்சப் பணத்துக்குப் பேரனுக்கு நல்ல நாற்காலி வாங்கியிருக்கலாம். நல்ல 550 வாட் 80 ப்ளஸ் ப்ரான்ஸ் எஸ்எம்பிஎஸ், நான் வாங்கியபோதெல்லாம் மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறுக்குள் கிடைத்தது. கோர்சேர் சிஎக்ஸ், டீப்கூல் பிகே வரிசை, எம்எஸ்ஐ ஏ550பிஎன் ஆகியவைதான் நான் அதிகம் மாட்டியவை. அவற்றில் மூன்றோ நான்கோ திரும்பி வந்திருக்கின்றன, மாற்றியும் கொடுத்தார்கள். பில் இருந்தது.

பையனின் கார்டு தப்பித்தது. மதர்போர்டு தப்பவில்லை. அந்த இலவச எஸ்எம்பிஎஸ்ஸை அவன் முன்னாலேயே திறந்து காட்டினேன். ஃபில்டர் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு வயரை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். போர்டில் அச்சடித்த வட்டம் அப்படியே காலியாக இருந்தது. ஹீட்சிங்க் என்ற பெயரில் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. பிரித்த சரக்கைத் தாராவியின் மறுசுழற்சிப் பகுதியான 13 காம்பவுண்டில் எடைக்குப் போட்டேன், அங்கே செம்பையும் அலுமினியத்தையும் தனியாகப் பிரிப்பார்கள். அதில் செம்பே குறைவு என்று எடைக்கடைத் தம்பி சலித்துக்கொண்டான்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி வரி போட்டு, மாடலும் சீரியல் எண்ணும் எழுதிப் பக்கா பில் கேளுங்கள். கேபினட்டோடு இலவசம் என்று சொன்னால், அதைக் கடையிலேயே வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். நான் கேட்டபோதெல்லாம் குறைத்திருக்கிறார்கள். முந்நூறு ரூபாய்.