திறப்புக் கூலி

வீட்டை விற்றவர் திறப்பைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, வாங்கியவர் கதவைத் திறப்பதற்குக் கூலி கேட்டால் நாம் என்ன சொல்வோம்? கனடாவின் கையடக்கத் தொலைபேசி நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் செய்தது ஏறத்தாழ இதுவே.

பிற நிறுவனத்தின் சிம் அட்டையை ஏற்காதவாறு தொலைபேசியைப் பூட்டியே விற்றார்கள். திறப்பதற்குச் சுமார் 50 டொலர் அறவிட்டார்கள். கனேடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் கணக்குப்படி, 2016இல் மட்டும் இவ்வாறு கிடைத்த வருமானம் 3 கோடியே 77 இலட்சம் டொலர்.

தொலைபேசியின் விலையில் ஒரு பகுதியைத் தாமே ஏற்பதால், அதை மீட்கும்வரை பூட்டு அவசியம் என்பது நிறுவனங்களின் வாதம். ஆனால் ஒப்பந்தத்தை இடையில் முறிப்பவர் எஞ்சிய மானியத் தொகையைச் செலுத்தியே ஆகவேண்டும். கடனுக்கு ஒப்பந்தமே பிணையாக இருக்க, பூட்டு எதற்கு? ஒப்பந்தம் முடிந்து கடன் தீர்ந்த பின்னரும் கூலி கேட்டதுதான் உண்மை நோக்கத்தைக் காட்டிக்கொடுத்தது.

கொழும்பில் இறங்கியதும் உள்ளூர் சிம் அட்டையைப் போட விரும்புபவருக்கும், பழைய தொலைபேசியை யாழ்ப்பாணத்திலுள்ள தாய்க்கு அனுப்புபவருக்கும் இது சிறிய விடயமல்ல.

2013 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த கனேடிய விதிக்கோவை, இரண்டு ஆண்டுகளின் பின் தண்டப்பணமின்றி ஒப்பந்தத்திலிருந்து விலக வழிசெய்தது. பூட்டையும் கேட்டால் திறந்துவிட வேண்டும் என்றது. ஆயினும் கூலியை விட்டுவைத்தது. 2017 டிசெம்பர் 1 முதலே புதிய தொலைபேசிகள் பூட்டின்றி விற்கப்பட வேண்டும், பழையவை இலவசமாகத் திறக்கப்பட வேண்டும் என்ற நிலை வந்தது. பிரித்தானியாவும் 2021 டிசெம்பரில் பூட்டிய தொலைபேசிகளின் விற்பனையைத் தடைசெய்தது.

அமெரிக்கா வேறு வழியிற் சென்றது. 2013 ஜனவரியின் பின் வாங்கிய தொலைபேசியை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது அங்கே பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணானதாயிற்று. மக்களின் எதிர்ப்புக்குப் பின் 2014 ஓகஸ்டில் புதிய சட்டம் அத்தடையை நீக்கியது. திறக்க அனுமதித்த அச்சட்டம், பூட்டாமல் விற்குமாறு எவரையும் பணிக்கவில்லை.

இந்த வேறுபாடே முக்கியமானது. கேட்டால் கிடைக்கும் உரிமை, கேட்கத் தெரிந்தவருக்கே பயன்படும். நாட்டுக்குப் புதிதாக வந்தவரும், மொழி தடுமாறும் முதியவரும் கூலியைக் கொடுத்துவிட்டு வாய்மூடி இருப்பார்கள். நல்ல சட்டம் பூட்டைத் திறக்கும் வழியைச் சொல்வதோடு நிற்பதில்லை. பூட்டாதே என்று விற்பவரைப் பணிக்கும்.

பூட்டுப் போனாலும் ஒப்பந்தம் இருக்கிறது. கையெழுத்திடுமுன், மாதக் கட்டணத்தில் சேவைக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இனிமேல் பூட்டு அந்தக் கணக்கில்தான் ஒளிந்திருக்கும்.