வெப்பம் மேலேதான் போகுமா?

"வெப்பம் மேலே எழும்" என்று விடைத்தாளில் எழுதாத மாணவர் உண்டா? நானும் பல ஆண்டுகள் அதற்கு மதிப்பெண் போட்டவன்தான். இனி அந்த வாக்கியத்தை அடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில், 1960-களில் கட்டிய பல வீடுகளில், அறையைச் சூடாக்கும் மின்கம்பிகளை மேற்கூரையின் உட்பூச்சுக்குள் பதித்தார்கள். இதைச் சொன்னதும், "சூடு மேலேயே நின்றுவிடாதா, சார்?" என்று வகுப்பில் ஒரு குரல் எழும்.

மேலே எழுவது சூடான காற்று. அது இலேசானது, கூரையடியிலேயே தங்கிவிடும். கதிர்வீச்சுக்கோ மேல், கீழ் என்ற பேதம் கிடையாது. கூரையின் வெப்பநிலை 40° செ., தரை 20° செ. என்று கொள்ளுங்கள். கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும், தான் பெறுவதைவிட 100 வாட்டுக்கு மேல் அதிகமாகக் கீழே அனுப்பும். தரை, நாற்காலி, உங்கள் தோள் எல்லாம் அதை ஏற்றுச் சூடாகும். மேசைக்கடியில் நீட்டிய கால் மட்டும் குளிரும். வெப்பக் கதிருக்கும் நிழல் உண்டல்லவா?

நம் கான்கிரீட் வீடுகளில் இதே அடுப்பு, கேளாமலே, சித்திரை இரவுகளில் தலைக்கு மேல் எரிகிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கூரை விடிய விடியக் கதிர் வீசும். மின்விசிறி காற்றை அசைக்குமே தவிர, கதிரைத் தடுக்காது. மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போகும். "வெப்பம் மேலேதானே போகும், சுண்ணாம்பு எதற்கு?" என்று வீட்டில் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.