தூண்டிலின் கருணை

கடலில் ஃப்ளை தூண்டில் வீசுவது ஒரு கலை, பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவதால் அது அகிம்சைக்கு அண்மையான கலை என்றொரு வாதம் நெடுநாளாக ஓதப்பட்டு வருகிறது. முள்ளில் இறகும் நூலும் கட்டி, இறால்போல் தோன்றும் பொய் இரையைச் செய்து, காற்றையும் கணக்கிட்டு வீசும் அந்தக் கைத்திறனை நாம் மறுக்கவில்லை. அதன்மேல் போர்த்தப்படும் அறத்தைத்தான் மறுக்கிறோம்.

விடுமுறைக்குத் தீவுகளை நாடுவோர் பெரிதும் தேடுவது போன்ஃபிஷ் என்னும் மீனை. முழங்காலளவுத் தண்ணீரில், வெண்மணல்மேல், நிழல் மட்டுமே தெரிய மேயும் வெள்ளி மீன் அது. முள் தைத்ததும் நூறு மீட்டர் இழையை இழுத்துக்கொண்டு பாயும். அந்தப் பாய்ச்சலே இன்பம் என்கிறார்கள். மீனின் தரப்பில் அது உயிருக்கான ஓட்டம். களைத்து, நிலைகுலைந்து, புகைப்படத்துக்காகக் காற்றில் தூக்கப்பட்டு, பிறகே அது 'விடுதலை' பெறுகிறது. பஹாமாஸ் கடலில் நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்று, விடப்பட்டபோது நிலைதடுமாறிய போன்ஃபிஷ்கள் மற்றவற்றைக் காட்டிலும் ஆறு மடங்குக்கு மேல் சுறா முதலியவற்றுக்கு இரையாகும் வாய்ப்புக் கொண்டவை என்று கண்டது. அதற்குள் கருணையாளர் அடுத்த மீனைத் தேடிப் போயிருப்பார். சுவிட்சர்லாந்து 2009 முதல், விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பதைத் தடை செய்திருக்கிறது. உண்ணாத மீனை எதற்காக வருத்த வேண்டும் என்ற எளிய கேள்விக்கு அங்கே சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

இலக்கிய வாசகர்கள் நாம் குறிப்பாக எரிச்சலுற வேண்டிய இடம் ஒன்றுண்டு. இந்த விளையாட்டைப் புகழ்வோர் 1952இல் வெளிவந்த ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' நாவலைத் துணைக்கு அழைக்கிறார்கள். சந்தியாகோ கையால் இழை பிடித்துப் பிழைக்கும் ஏழை மீனவன். தன் மீன் எத்தனை பேருக்கு உணவாகும் என்று எண்ணுகிறான். அதை உண்ணும் தகுதி அவர்களுக்கு உண்டா என்றும் தன்னையே கேட்டுக்கொள்கிறான். உணவைப் பற்றிய அந்த மனவேதனையை நீக்கிவிட்டுப் போராட்டத்தை மட்டும் இரவல் வாங்குவது வாசிப்பாகாது. (ஹெமிங்வே தாமே பிமினியில் பெருமீன் வேட்டையாடியவர் என்பார்கள். ஆடட்டும், சந்தியாகோ ஆடவில்லையே!)

இனித் தீவுகளுக்கு வருவோம். பசிபிக்கிலுள்ள கிரிபட்டி நாட்டின் கிரிட்டிமாட்டி, அதாவது கிறிஸ்துமஸ் தீவு, போன்ஃபிஷ் தூண்டிலாளர்களின் புனிதத் தலம். மாசுபடாத சொர்க்கம் என்று அதை விற்கிறார்கள். 1957, 1958 ஆண்டுகளில் பிரிட்டனும் 1962இல் அமெரிக்காவும் அணுகுண்டு வெடித்துப் பார்த்த தீவு அது! அந்நாட்டு மக்களுக்குப் போன்ஃபிஷ் 'இகாரி', அன்றாட உணவு. அவர்கள் வலை வீசினால் 'வளத்தை அழிக்கிறார்கள்' என்று முணுமுணுப்பவர்களின் குற்றச்சாட்டு முழுப் பொய்யன்று. வலையால் இகாரி குறைந்தது உண்மை. ஆனால் அதே நாட்டின் தராவாவில், திட்டுகளை இணைக்கப் போட்ட சாலைக்கரைகள் இகாரி முட்டையிடச் செல்லும் வழியையே அடைத்தன. அதற்கும் வலைக்காரனா பொறுப்பு?

கரீபியக் கரையிலுள்ள பெலீஸ் 2009இல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. போன்ஃபிஷ், டார்பன், பெர்மிட் மூன்றையும் யார் பிடித்தாலும் விட்டுவிட வேண்டும் என்றது சட்டம். பொழுதுபோக்குக்காக நாளெல்லாம் அவற்றை முள்ளில் மாட்டி இழுப்பவர் இயற்கைக் காவலர். ஒன்றைக் குழம்புக்கு எடுத்துச் செல்லும் உள்ளூர்க்காரர் குற்றவாளி.

வழிகாட்டிகளாகப் பலர் பிழைக்கிறார்கள், உயிருள்ள மீனே அவர்களுக்கு முதல் என்பதை நாம் அறிவோம். வெயிலில் அந்த நிழலைக் கண்டு சொல்லும் கண்கள் அவர்களுடையவை. கூலி தாராளமாகவே கிடைக்கட்டும். விருந்தாளி தாம் விளையாட வந்ததாகச் சொன்னால் நமக்கு வழக்கே இல்லை. மீனைக் காக்க வந்ததாகச் சொல்லும்போதுதான் வழக்கு.