ராணி பட்டம் மட்டும் போதாது

2025 ஜூலை 28 அன்று ஜார்ஜியாவின் பட்டுமி நகரில் மகளிர் செஸ் உலகக் கோப்பை இறுதிப் போட்டி முடிவுக்கு வந்தது. 19 வயது திவ்யா தேஷ்முக், 38 வயது கோனேரு ஹம்பியை டைபிரேக்கில் வென்றார். இறுதியில் மோதிய இருவருமே இந்தியர்கள். இந்தப் போட்டிக்குப் போகும்போது கிராண்ட்மாஸ்டர் தகுதிக்கான நார்ம் ஒன்றுகூட திவ்யாவிடம் இல்லை. உலகக் கோப்பையை வென்றதால் அந்தப் பட்டம் நேரடியாகக் கிடைத்தது. இந்தியாவின் 88-வது கிராண்ட்மாஸ்டர் அவர், பெண்களில் நான்காமவர். ஆனால் வாழ்த்துச் செய்திகளில் தாராளமாகப் புழங்கியது வேறொரு பட்டம்: ‘செஸ் ராணி’.

அன்பாகச் சொல்வதுதான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உலக சாம்பியன் ஆன குகேஷையும் ‘செஸ் ராஜா’ என்று எழுதினார்கள். ஆனால், ராஜா பட்டம் பெற ஒரு பையன் உலக சாம்பியன் ஆக வேண்டியிருக்கிறது. ராணி பட்டத்துக்கு ஒரு சிறுமி மாவட்டப் போட்டியில் ஜெயித்தாலே போதும். இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் பட்டத்தோடு சம மரியாதையும் சமப் பரிசும் சமமான எதிராளிகளும் சேர்ந்து வருகின்றனவா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ராணிக்கான ஆங்கிலச் சொல்லான ‘குவீன்’ எங்கெல்லாமோ புழங்குகிறது. தேன்கூட்டில் முட்டையிடும் தேனீக்கு அந்தப் பெயர். அது யாரையும் ஆள்வதில்லை, அடுத்த ராணியை வளர்த்தெடுப்பதும் வேலைக்காரத் தேனீக்கள்தான். கேரம் பலகையின் சிவப்புக் காய்க்கும் அதே பெயர். அதைக் குழியில் தள்ளினால் போதாது, அடுத்து ஃபாலோ போட்டால்தான் கணக்கு. அரண்மனையிலும் ராஜாவின் மனைவி ராணி ஆகிவிடுவார். ஆட்சியில் இருக்கும் ராணியின் கணவரோ ராஜா ஆவதில்லை. இரண்டாம் எலிசபெத் 70 ஆண்டுகள் அரியணையில் இருந்தும் அவருடைய கணவர் பிலிப் கடைசிவரை இளவரசர்தான். எலிசபெத்துக்கு ஒரு தம்பி பிறந்திருந்தால் அரியணை அந்தத் தம்பிக்குத்தான் போயிருக்கும். அந்த விதியை பிரிட்டன் சட்டம் போட்டு மாற்றியது 2013-ல்தான்.

இத்தனை ராணிகளில் உண்மையான பலம் உள்ளது சதுரங்கப் பலகையில் நிற்கும் ராணிக்குத்தான். அந்தப் பலமும் பிறவியிலேயே வந்ததில்லை. இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குப் போன ஆட்டத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது மந்திரி. குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகரும் சாதாரணக் காய் அது. ஐரோப்பாவில் கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில் அந்த இடத்துக்கு ராணி வந்துவிட்டதை, சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில் கிடைத்த ஒரு லத்தீன் செய்யுள் காட்டுகிறது. பெயர்தான் மாறியது, நகர்வு மாறவில்லை. ஏறக்குறைய 500 ஆண்டுகள் அந்த ராணி ஒரு கட்டத்துக்கு மேல் போக முடியாமல் நின்றது.

1475-ஐ ஒட்டி ஸ்பெயினின் வலென்சியா நகரில் எழுதப்பட்ட ஒரு செய்யுளில்தான் இன்றைய ராணியைப் பார்க்கிறோம். நேராகவும் குறுக்காகவும் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகிற ராணி. அந்தச் சமயத்தில் காஸ்டீல் நாட்டை ஆண்டவர் இசபெல்லா. அவருடைய ஆட்சிக்கும் காயின் பலத்துக்கும் தொடர்பு உண்டு என்று வாதிட்டு எழுத்தாளர் மெரிலின் யாலோம் 2004-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு நேரடிச் சான்று இல்லை என்று மறுப்பவர்களும் உண்டு. இத்தாலியர்கள் இந்தப் புது ஆட்டத்தை ‘வெறிபிடித்த’ ஆட்டம் என்றே அழைத்தார்கள். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டினால் ராணி ஆகலாம் என்ற விதியும் சிலரைச் சங்கடப்படுத்தியது. ஒரு ராஜாவுக்கு இரண்டு ராணிகளா என்ற கேள்வி எழுந்தது. இவ்வளவு முணுமுணுப்புக்கும் நடுவில் விதி நிலைத்துவிட்டது. காய்க்குப் பலம் வந்தது விதியை மாற்றிய பிறகுதான். ராணி என்று பெயர் வைத்த நாளில் அல்ல.

பலகைக்கு வெளியே உட்கார்ந்து ஆடும் பெண்களின் கதைக்கு வருவோம். ‘தி குவீன்ஸ் கேம்பிட்’ தொடரை 2020 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. செஸ் பலகைகளின் விற்பனையே ஏறும் அளவுக்கு உலகம் முழுக்க அதைப் பார்த்தார்கள். 1960-களில் ஆண்களை வெல்லும் ஒரு கற்பனை அமெரிக்கப் பெண்ணின் கதை அது. கடைசிப் பகுதியில் ஒரு வர்ணனையாளர் நோனா காப்ரிந்தாஷ்விலியின் பெயரைச் சொல்லி, அவர் மகளிர் உலக சாம்பியன்தான், ஆனால் ஆண்களோடு மோதியதே இல்லை என்கிறார்.

நோனா கற்பனைப் பாத்திரம் அல்ல. ஜார்ஜியாவைச் சேர்ந்தவர். 1962 முதல் 1978 வரை மகளிர் உலக சாம்பியன். கதை நடக்கும் 1968-க்குள்ளேயே 59 ஆண்களோடு ஆடிவிட்டதாக அவர் நீதிமன்றத்தில் பட்டியல் கொடுத்தார். அந்த 59 பேரில் பல கிராண்ட்மாஸ்டர்களும் உண்டு. 1977-ல் கலிஃபோர்னியாவின் லோன் பைன் போட்டியில் ஆண் கிராண்ட்மாஸ்டர்கள் நிறைந்த களத்தில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். மறுஆண்டு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது. அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பெண்ணின் வெற்றியைக் கொண்டாட எடுத்த தொடர், அதை உண்மையிலேயே சாதித்த பெண்ணின் உழைப்பை ஒரே வசனத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டது. 2021 செப்டம்பரில், 80 வயதில், அவர் லாஸ் ஏஞ்சலஸில் வழக்குப் போட்டார். கற்பனைக் கதைதானே என்று நெட்ஃபிளிக்ஸ் சொன்ன சமாதானத்தை நீதிபதி ஏற்கவில்லை. 2022-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. ஒரு வசனத்துக்காக இந்த வயதில் கோர்ட் வாசலா என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும்: ஆட்டக்காரருக்கு அவர் யாரோடு மோதினார் என்ற கணக்குதான் வாழ்நாள் சொத்து.

யாரோடு மோதுகிறார் என்பதுதான் இன்றைக்கும் மையமான சிக்கல். 2017-ல் ஜிப்ரால்டர் ஓபன் போட்டியின் கடைசிச் சுற்றில், அன்றைக்கு உலகின் முதல்நிலை வீராங்கனையான சீனாவின் ஹூ யிஃபான், இந்தியாவின் லலித் பாபுவுக்கு எதிராக ஐந்தே நகர்த்தல்களில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதற்கு முந்தைய ஒன்பது சுற்றுகளில் ஏழு பெண்களோடு தன்னைக் கோர்த்துவிட்டார்கள் என்பது அவருடைய ஆட்சேபம். கம்ப்யூட்டர் போட்ட ஜோடிதான் என்று அமைப்பாளர்கள் விளக்கினார்கள். அவர் எதிர்ப்புக் காட்டிய விதம் சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் பெண்களோடு மட்டும் ஆடிக்கொண்டே இருந்தால் ரேட்டிங் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது என்பது செஸ் ஆடுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பட்டங்களிலும் ஆண், பெண் இடைவெளி தெரிகிறது. கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங் தேவை. பெண்களுக்கென்று தனியாக உள்ள மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 போதும். சர்வதேச மாஸ்டருக்கு வேண்டிய 2400-ஐ விடவும் அது குறைவு. இந்தத் தனிப் பட்டங்களை ஒழித்துவிட வேண்டும் என்று சொல்வது எளிது. அது நியாயம் ஆகாது. இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டரான சென்னையின் விஜயலட்சுமி போன்றவர்கள் அந்தப் படியில் ஏறித்தான் அடுத்த தலைமுறைக்கு வழி திறந்தார்கள். ஸ்பான்சரும் வேலையும் அந்தப் பட்டத்தோடு வருகின்றன. படி இருக்கட்டும், அதையே மாடி என்று சொல்லி ஒரு பெண்ணை அங்கேயே உட்கார வைப்பதுதான் தவறு. இதுவரை உலகில் 2000-க்கும் மேற்பட்டவர்கள் கிராண்ட்மாஸ்டர் ஆகியிருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் நாற்பதுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

பரிசுப் பணமும் ஒரு சாட்சி. 2024-ல் டொராண்டோவில் ஒரே கூரையின் கீழ், ஒரே நாட்களில், உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிகள் இரண்டு நடந்தன. அக்கா வைஷாலி மகளிர் போட்டியில், தம்பி பிரக்ஞானந்தா ஓபன் போட்டியில். இரண்டிலும் எட்டுப் பேர், 14 சுற்று. தம்பி ஆடிய போட்டிக்கு மொத்தப் பரிசு 5 லட்சம் யூரோ. அக்கா ஆடியதற்கு இரண்டரை லட்சம். ஸ்பான்சர் அவ்வளவுதான் தருகிறார் என்று பதில் வரும். அதே 2024-ல் நார்வே செஸ் அமைப்பாளர்கள் இரு பிரிவுக்கும் சமமான பரிசை வைத்து நடத்திக் காட்டிவிட்டார்கள். எனவே அந்தப் பதில் இனி எடுபடாது.

திவ்யாவே 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ போட்டிக்குப் பிறகு மனம் நொந்து எழுதினார். தான் ஆடிய ஆட்டத்தை விட்டுவிட்டு, பார்வையாளர்கள் தன் உடை, முடி, பேச்சு ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறார்கள் என்பதுதான் அவருடைய வருத்தம். அப்போது அவருக்கு வயது 18. ராணி என்று புகழும் பழக்கமும், அவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்க்கும் பழக்கமும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை.

திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயிலின் தல வரலாற்றில், சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாத ராஜராஜேஸ்வரி என்ற பெண் வருகிறாள். தன் மகளுக்கு ஈடான ஆட்டக்காரரைத் தேடி மன்னன் வசுசேனன் ஊர் ஊராகப் போகிறான். கடைசியில் சித்தர் வேடத்தில் வந்த சிவபெருமானால்தான் அவளை வெல்ல முடிகிறது. அந்தத் தகப்பன் செய்த காரியத்தைத் தமிழ்நாட்டின் பெற்றோரும் பயிற்சியாளர்களும் இன்றைக்குச் செய்யலாம்: பெண்ணுக்கு ஈடான எதிராளியைத் தேடிக் கொண்டுவருவது. சிறுமியர் பிரிவில் கோப்பை உறுதி என்பதற்காக அவளை அங்கேயே நிறுத்தாமல், வருடத்தில் பாதிப் போட்டிகளையாவது ஓபன் பிரிவில் ஆட விடலாம். தோற்றுத்தான் வருவாள் முதலில், வரட்டும். வைஷாலி 2500 ரேட்டிங்கைத் தாண்டியது 2023 டிசம்பரில், ஸ்பெயினில், ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடிய ஓபன் போட்டியில்தான்.

மாவட்டச் சங்கங்களும் போட்டி அறிவிப்புகளில் இரு பிரிவுக்கும் ஒரே பரிசுத் தொகையை அச்சிட வேண்டும். அடுத்த முறை ஒரு பெண் வென்று வரும்போது, செய்தியாளர்களும் தலைப்பில் அவர் உழைத்துச் சம்பாதித்த பட்டத்தையே போட வேண்டும்: கிராண்ட்மாஸ்டர் வைஷாலி, கிராண்ட்மாஸ்டர் திவ்யா.