நில்லாத நாயும் நிற்கும் படமும்

சென்ற பள்ளி விடுமுறையில் எல்கடுவைக்குப் போயிருந்தோம். கண்டியிலிருந்து வத்துகாமம் வழியாக மலையேறும் அந்தப் பாதையை நேயர்களுட் சிலர் அறிந்திருக்கலாம். வளைவுக்கு வளைவு தேயிலை. மேலே போகப் போகக் குளிர். பிற்பகலானால் எந்நேரமும் இறங்கிவிடக்கூடிய மூடுபனி. நம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் அங்கே தோட்டப் பாடசாலையில் ஆசிரியராயிருக்கிறார். அவர் வீட்டில் நாம் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், எட்டாம் வகுப்பிற் படிக்கும் அவருடைய தம்பி ஒரு டிஜிட்டல் கமராவைக் கொண்டுவந்து நம் முன்னே வைத்தான். அண்ணன் கண்டியில் பழையதாக வாங்கிக் கொடுத்தது அது.

“சேர், இது பழுதாகிவிட்டதா என்று பாருங்கள்” என்றான்.

கமராவில் பழுதொன்றும் இல்லை. அதிலிருந்த படங்களே பரிதாபமாயிருந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றிலும் செம்மண் நிறத்தில் ஒரு கீற்று. சிலவற்றில் வால் தெரிந்தது. ஒன்றில் நான்கு கால்களுக்குப் பதிலாக ஆறேழு கால்கள் தெரிந்தன. முகம் மட்டும் எதிலும் தெளிவாக இல்லை. அந்த நாயின் பெயர் மணியாம். சென்ற ஆண்டு ஓர் இரவு சிறுத்தை அதைக் கௌவிக்கொண்டு போய்விட்டது. காட்டை அடுத்துள்ள தோட்டங்களில் இது புதுமையன்று. நாயைக் கட்டி வைத்தாலும் பயம், அவிழ்த்து விட்டாலும் பயம் என்று பையனின் தாயார் சொன்னார். இப்பொழுது கறுப்பன் என்று வேறொரு நாய் வளர்கிறது; ஒன்றரை வயது. இதற்காவது முகம் தெரியும்படி ஒரு படம் இருக்க வேண்டும் என்பதுதான் பையனுடைய கோரிக்கை.

படம் கலங்கிவிட்டால் கையைக் குறை கூறுவோர் பலர். கமராவின் விலையைக் குறை கூறுவோர் அதனினும் பலர். உண்மையில் இது ஒரு வகுத்தற் கணக்கு. படமெடுத்தபோது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதைக் கமரா படத்தோடு சேர்த்தே குறித்து வைக்கிறது. மணியின் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்நேரம் ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்கு. நாயொன்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வினாடிக்கு 8 மீற்றருக்குச் சற்று மேல். அறுபதில் ஒரு பங்கு வினாடியில் அது ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர் கடந்துவிடும். அஃதாவது ஒரு நாயின் தலை அளவு தூரம். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியே திறந்திருந்தால் கடக்கும் தூரம் 8 மில்லிமீற்றர்தான். இக்கணக்கைப் பையன் தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தானே போட்டுப் பார்த்தான். பாடநூல்களில் இதே கணக்கை ரயில் வண்டியை வைத்துக் கேட்கிறார்கள். நாயை வைத்துக் கேட்டால் விடைகள் விரைவில் வரும் என்று நமக்குத் தோன்றுகிறது.

படம் பிடிக்கும் நேரத்தின் இத்தொல்லை நம் மலைநாட்டுக்குப் பழையதே. புகழ்பெற்ற ஆங்கில நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875ஆம் ஆண்டு கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. (பெயரிலேயே கமரா இருக்கிறதே என்று பையன் சிரித்தான்.) 1879ஆம் ஆண்டு அம்மையார் இங்கேயே காலமானார், பொகவந்தலாவையில் அவருடைய கல்லறை இருக்கிறது. களுத்துறையில் இருந்த காலத்தில் நம்மவர் சிலரையும் அவர் படம் பிடித்திருக்கிறார். ஈரத் தகட்டின்மீது ஒளியை வாங்கும் முறை அவருடையது. அவர் முன் அமர்ந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். அக்கருவியின் முன்னால் ஒரு நாய் ஓடியிருந்தால், கீற்றாகக்கூட அது தகட்டிற் பதிந்திராது.

அம்மையார் இவ்வாறு மனிதரை அசையாமல் இருத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவில் ஒருவர் குதிரையை ஓடவிட்டே படம் பிடித்தார். அவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். 1878ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாவில், ஓட்டப் பாதையின் ஓரத்திலே 12 கமராக்களை வரிசையாக நிறுத்தி, குறுக்கே நூல் கட்டி, ஓடும் குதிரையே ஒவ்வொரு நூலாக இடறி ஷட்டரை இயக்கும்படி செய்தார். பாய்ச்சலின்போது குதிரையின் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தை விட்டெழுவது அப்போதுதான் ஐயமின்றித் தெரிந்தது. அதுவும் ஓவியர்கள் தீட்டிவந்ததுபோல் கால்களை முன்னும் பின்னும் நீட்டிய நிலையிலன்று. நான்கையும் வயிற்றுக்குக் கீழே கூட்டிய நிலையில். எத்தனை அரண்மனைச் சுவர்களில் எத்தனை குதிரைகள் பொய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தன என்பதை எண்ணினால் வேடிக்கையாயிருக்கிறது. 1894இல் பிரெஞ்சு அறிஞர் மாரே, தலைகீழாக விழும் பூனை அந்தரத்திலேயே உடலை முறுக்கித் திரும்பிக் கால்களில் வந்து நிற்பதை வரிசைப் படங்களாக வெளியிட்டார்.

மைபிரிட்ஜுக்குக் கலிபோர்னியாவின் வெயில் இருந்தது. நமக்கு எல்கடுவையின் மூடுபனி. ஷட்டர் நேரத்தைக் குறைத்தால் உள்ளே வரும் ஒளியும் குறையும். அக்குறையை வேறெங்கேனும் ஈடுசெய்தாக வேண்டும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, வில்லையின் துவாரம் எஃப் 4 என்று வைத்தால் 1/1600 வினாடியில் தாராளமாகப் படமெடுக்கலாம். ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால் ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக்கி அதே வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அன்று மாலை நிலைமை அதனினும் மோசம். வில்லையை நீட்டியதும் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்க மறுத்துவிட்டது. ஐ.எஸ்.ஓ. 3200 வரை ஏறிய பின்னரே 1/1000 கிடைத்தது. அந்த அளவிற்குப் போனால் படத்தில் மணல் தூவியதுபோற் புள்ளிகள் தோன்றும் என்று பையனின் அண்ணன் தயங்கினார். தோன்றட்டும் என்றோம். புள்ளியுள்ள முகம் முகந்தான், கீற்று முகமாகாது. தானியங்கி முறையில் விட்டுவிட்டால் கமரா இந்தத் துணிவைக் கொள்வதில்லை. புள்ளிகளுக்கு அஞ்சி, ஷட்டரை மெதுவாக்கிவிடுகிறது. ஆகவே மேற்சக்கரத்தை ‘எஸ்’ என்னும் எழுத்துக்குத் திருப்பினோம். சில கமராக்களில் அது ‘டிவி’ என்றிருக்கும். நேரத்தை நாம் விதித்துவிட, மற்றவற்றைக் கமரா பார்த்துக்கொண்டது. கைப்பேசி மட்டுமே உடையவர்கள், அதில் ‘புரோ’ என்றொரு முறை இருந்தால் இதையே செய்யலாம். இல்லையெனில் வீட்டுக்குள் முயலாமல் நாயை வெளிச்சத்துக்கு அழைத்துச் செல்வதே வழி.

அடுத்த இடைஞ்சல் குவியம். கறுப்பன் நம்மை நோக்கி ஓடிவருகையில் தூரம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. பொத்தானைப் பாதி அழுத்தியதும் ஒருமுறை குவிந்து அங்கேயே நின்றுவிடும் முறை இங்கே உதவாது. தொடர்ந்து குவியும் முறை வேண்டும். நிக்கோன், சோனி கமராக்களில் ‘ஏஎஃப்-சி’ என்றும், கெனனில் ‘சேர்வோ’ என்றும் அதற்குப் பெயர். அதோடு தொடர் படப்பிடிப்பையும் இயக்கிவிட்டால், பொத்தானை அழுத்தியிருக்கும்வரை படங்கள் சரஞ்சரமாக விழும்.

கறுப்பு நாயை வெண்பனியில் எடுப்பது இன்னொரு சங்கடம். சுற்றிலும் வெண்மையைக் கண்ட கமரா, ஒளி மிகுதியென்று எண்ணிப் படத்தை இருளச் செய்கிறது. நாய் கரித்துண்டாகிவிடுகிறது. ஒளித்திருத்தத்தை +1க்கு உயர்த்தியதும் கண்கள் தெரிந்தன. பனியில்லாத வேளையில் அதே நாய் படச்சட்டம் முழுவதையும் நிறைத்து நின்றால், கறுப்பை இருட்டென்று எண்ணிக் கமரா வெளிறச் செய்யும். அப்போது குறைக்க வேண்டியிருக்கும்.

பையனை ஈரப்புல்லில் நாயின் கண்மட்டத்துக்குப் படுக்கவைத்தோம். தாயார் சட்டையைப் பற்றி ஏதோ சொன்னார்; காதில் விழாததுபோல் இருந்துவிட்டோம். அண்ணன் திடலின் மறுகோடியில் நாயைப் பிடித்திருந்தார். நாம் பையனுக்குப் பின்னால் நின்று மாரி பிஸ்கற்றைக் காட்டி அழைத்தோம். முதல் ஓட்டத்திலே நாய் நேரே வந்து கமராவை நக்கியது. மூன்றாம் ஓட்டத்துக்குள் அட்டை நிறைந்துவிட்டது.

இடம் வேண்டுமாகையால் மணியின் பழைய படங்களை அழித்துவிடலாமே என்றோம். சொன்ன பின்னர்தான் நம் அறிவீனம் நமக்கு உறைத்தது. பையன் ஒன்றும் பேசாமல் அவற்றுள் ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். அதில் தேயிலைச் செடிகள் கோடுகளாக இழுபட்டிருந்தன; நாயின் முதுகும் ஒரு காதும் மட்டும் ஓரளவு தெளிவாயிருந்தன. அவன் தன்னையறியாமலே ஓடும் நாயோடு கமராவையும் திருப்பியிருக்கிறான். மெதுவான ஷட்டரில் வேண்டுமென்றே இப்படிச் செய்யும் வித்தையும் உண்டு என்றோம். “இது பந்தை எடுக்க ஓடியபோது எடுத்தது, சேர்” என்றான். கறுப்பனின் மங்கிய படங்களை அழித்து இடம் பண்ணிக்கொண்டோம்.

இருட்டுமுன் மேலும் இரண்டு ஓட்டங்கள். இருநூற்றுச் சொச்சம் படங்களில் ஐந்து தேறின. நான்கு கால்களும் நிலத்தை விட்டெழுந்து, வாய் சற்றே திறந்து, வலக்காது மடங்கிக் கறுப்பன் நேரே பார்க்கும் ஒன்றைப் பையன் தெரிந்தெடுத்தான். அடுத்த வாரம் அண்ணன் வத்துகாமத்துக்குப் போகையில் பிரதி எடுத்து வருவதாக ஏற்பாடு. இரண்டு பிரதிகள் வேண்டும் என்றான். மற்றது மணியின் அந்தப் படம்.